முழுங்குற சத்தம்

எனக்கு வாய் சும்மா இருக்காது. இந்த வேலைக்கு ஆள் எடுத்தப்பவே டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டுச் சொன்னாக, "அக்கா, கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுங்க"ன்னு. அப்படிப்பட்ட நான் பதினாலு மாசமா ஒரு விசயத்தை நெஞ்சுக்குள்ளயே போட்டுப் பூட்டி வச்சிருந்தேன்னா, அது எப்பேர்ப்பட்ட விசயமா இருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

போன வெள்ளிக்கிழமை காலையில டேப்லெட்டைத் திறந்தேன். அன்னைக்குப் பார்க்க வேண்டியவுக பட்டியல்ல மூணாவது பேரு ராக்கம்மாள், வயசு எழுபத்திமூணு, கோம்பை. அந்தப் பேரைப் பார்த்த பெறகு, உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுல வாங்குன இட்லியில ஒரு வாய்கூட இறங்கல. அப்படியே இலையோட மடிச்சு நாய்க்குப் போட்டேன்.

என் வேலை என்னன்னு சொல்லிடுறேன். மதுரைப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. அவுக ப்ராஜெக்டுக்கு இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல வீடு வீடாப் போறவ நான். அறுபத்தஞ்சு தாண்டுனவுக வாயைச் சோதிக்கணும். பல்லு மட்டும்னு நெனைக்காதீக. மெல்லுறது, முழுங்குறது, பேசுறது, எச்சி ஊறுறது, நாக்குக்கு எம்புட்டுப் பலம் இருக்கு, எல்லாத்தையும் அளந்து டேப்லெட்டுல போடணும். போட்டா அது கணக்குப் பண்ணி, இன்னும் ரெண்டு வருசத்துல இந்த வாய் எந்த அளவுக்குத் தளர்ந்து போகும்னு நூத்துக்கு இத்தனைன்னு சொல்லும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தவுகளை முன்கூட்டியே கண்டுபிடிச்சு, பயிற்சி குடுத்து, சாப்பாட்டைப் பதமா மாத்திக் குடுத்து, தளரவிடாமப் பாத்துக்கிடலாம். நல்ல வேலைதான். குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல.

ஆனா ராக்கம்மா பெரியம்மா வீட்டுல சிவப்புன்னா வேற அர்த்தம். அவுகளுக்குச் சிவப்பு வந்து, அதை நான் அவுக மகன்கிட்டச் சொன்னா, அந்தப் பொம்பளையைப் பிடிச்சுப் படுக்க வச்சு வாயில பாலை ஊத்திருவாக. எரிச்சல்ல இல்ல, வேண்டாம்னு இல்ல, உசுரு உருகுற பாசத்துல ஊத்துவாக. எனக்கு எப்படித் தெரியும்னா, அந்த அர்த்தத்தை அந்த வீட்டுல விட்டுட்டு வந்ததே நான்தான்.

அம்மாவாசி பெரியப்பா, அதான் ராக்கம்மா பெரியம்மா வீட்டுக்காரர், முப்பது வருசம் சின்னமனூர் வாழைக்காய் மண்டியில ஏலம் கூவுனவுக. சொந்தம்னு பார்த்தா எனக்கு ஒண்ணும் கிடையாது. அப்ப ஒரே தெரு, இப்ப நான் ஊருக்கு அந்தக் கோடியில குடியிருக்கேன். சின்னப் பிள்ளையில இருந்து பெரியப்பா, பெரியம்மான்னே கூப்பிட்டு வளந்தேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடி மாசம் அவுகளைச் சோதிக்கப் போனேன். பெரியம்மாவையும் கூப்பிட்டேன். "எனக்கு அடுப்புல வேலை கெடக்கு, அவுகளைப் பாரு"ன்னுட்டாக.

ஒரு சோதனையில அஞ்சு விநாடிக்குப் ப, ப, பன்னு எம்புட்டு வெரசாச் சொல்ல முடியுமோ சொல்லணும். அப்புறம் த. அப்புறம் க. ஏலம் கூவுன வாய் இல்லையா, ப-வை விளாசித் தள்ளிட்டாக. த-வும் பரவாயில்ல. க-வுக்கு வந்ததும் நாக்கு அடியில எங்கயோ சிக்கிக்கிச்சு. "என்ன தாயி, வண்டி மேட்டுல திணறுது"ன்னு அவுகளே சிரிச்சாக.

அடுத்தது முழுங்குற சோதனை. ரெண்டு விரலைத் தொண்டைக் குமிழ் மேல லேசா வைக்கணும். முப்பது விநாடியில எத்தனை தடவை எச்சி முழுங்குறாகன்னு எண்ணணும். மூணு வந்தா தேறிட்டாகன்னு அர்த்தம். பெரியப்பாவுக்கு ஒண்ணு வந்துச்சு. ரெண்டு வந்துச்சு. மூணாவதுக்குக் குமிழ் பாதி ஏறுச்சு, நின்னுச்சு, அப்படியே இறங்கிருச்சு. என் விரலுக்கு அது நல்லாத் தெரிஞ்சுது. அவுக கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு முயற்சி பண்ணுனாக. முப்பது விநாடி முடிஞ்சுபோச்சு.

டேப்லெட் சிவப்புன்னு காட்டுச்சு. நூத்துக்கு எழுபத்தொண்ணு.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. என்ன கலர் வந்தாலும் வீட்டாளுககிட்ட நாங்க சொல்லக் கூடாது. புதன்கிழமை கேம்புக்கு வரச் சொல்லணும். அங்கன எங்க டாக்டரம்மா மகிமாதான் உக்கார வச்சுப் பொறுமையா எடுத்துச் சொல்லுவாக. ஆனா வேல்பாண்டி அண்ணன், அதான் மூத்த மகன், திராட்சைத் தோட்டத்துல இருந்து மருந்தடிச்சிட்டு அப்பத்தான் வந்தாக. வாசல்ல என்னைப் பிடிச்சுக்கிட்டாக. "என்ன தாயி சிவப்பா எரியுது? மறைக்காம சொல்லு"ன்னாக. அடுத்த ஊருக்குப் போக எனக்குப் பஸ்ஸு வர்ற நேரம். வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு வருசத்துல சோறு தண்ணி முழுங்குறது கஷ்டம் ஆயிரும்ணே. நூத்துக்கு எழுபத்தொண்ணு அப்படித்தான் சொல்லுது"ன்னேன்.

"சோறு இறங்கலைன்னா மனுசன் அம்புட்டுதான தாயி"ன்னாக அண்ணன். தோள்ல கெடந்த துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடச்சாக. தொடச்சுக்கிட்டே நின்னாக.

அந்த இடத்துல நான் நின்னு, "அப்படி இல்லண்ணே, இது முன்கூட்டித் தெரிஞ்சுக்கிடுறதுக்கு, தடுக்குறதுக்கு"ன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. "புதன்கிழமை கேம்புக்குக் கூட்டிட்டு வாங்க"ன்னுட்டு ஓடிப் போய்ப் பஸ்ஸுல ஏறிட்டேன். அவுக கேம்புக்கு வரல. நாள் குறிச்ச பெறகு கேம்பு எதுக்குன்னு இருந்துட்டாக. வீட்டுல அன்னையில இருந்து பெரியப்பாவுக்குக் கறி, கோழி, அல்வான்னு ஆசைப்பட்டது எல்லாம் வாங்கிக் குடுத்தாக. பாவம், அவுகளுக்கு எதுக்கு இம்புட்டுக் கவனிப்புன்னே தெரியாது.

தை மாசம் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். நாலு நாள் விடாம அடிச்சுது. ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி இருக்கும், அந்தத் தெருப் பிள்ளை ஒண்ணு என் வீட்டுக்கு ஓடி வந்து, "பாண்டீஸ்வரி அக்கா, தாத்தாவுக்குப் பால் ஊத்துறாக, ஒங்களை வரச் சொன்னாக"ன்னுச்சு.

உசுரு பிரியப் போகுதுன்னு தெரிஞ்சா எங்க பக்கம் சொந்தக்காரவுக எல்லாம் வந்து ஆளுக்கு ஒரு வாய் பால் ஊத்துவாக. ஊத்தாமப் போனா செத்தவுக மனசு தாங்காது, இருக்கவுக மனசும் தாங்காது. நெலபுலன் வச்சிருந்த ஆளுன்னா அந்த நெலத்து மண்ணை எடுத்துத் தண்ணியில கரைச்சும் ஊத்துவாக. மண்ணு மேல இருக்கற ஆசையில உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்குமாம்.

நான் போனப்ப வீடு நெறைய ஆளு. திருப்பூர்ல இருந்து சின்ன மகன்கூட வந்துட்டாக. பெரியப்பாவைக் கட்டில்ல மல்லாக்கப் படுக்க வச்சிருந்தாக, தலைக்குத் தலகாணிகூட இல்ல. தலைமாட்டுல ராக்கம்மா பெரியம்மா. பெரியப்பா ஓய்ஞ்சு போயிருந்தாகளே ஒழிய, சாகுற ஆளாத் தெரியல. கையைத் தொட்டேன், கொதிச்சுது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாக. என்னைத் தெரிஞ்சுது அவுகளுக்கு.

எங்களுக்குத் தேனியில ரெண்டு நாள் பயிற்சி குடுத்தாக. மொத நாள் மொதப் பாடமே இதுதான். முழுங்குற பலம் இல்லாதவுகளை மல்லாக்கப் போட்டு எதையும் ஊத்தக் கூடாது. பால், தண்ணி மாதிரி ஓடுறது ஆகவே ஆகாது. நிமிந்து உக்கார வச்சு, தாடையைக் கீழ இறக்கி, கெட்டியாக் குடுக்கணும். இல்லைன்னா வயித்துக்குப் போகாம நெஞ்சுக்குப் போயிரும். நூறு வீட்டுல நான் ஒப்பிச்ச பாடம் இது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமேண்ணே"ன்னேன். என் சத்தம் எனக்கே கேக்கல.

"நீதான தாயி சொன்ன, சோறு தண்ணி இறங்காமப் போயிரும்னு"ன்னாக வேல்பாண்டி அண்ணன். அழுது கண்ணு வீங்கியிருந்துச்சு. "அங்கன கொண்டு போய் மூக்குல குழாயைச் சொருகி எங்கப்பனைச் சித்ரவதை பண்ணச் சொல்றியா?"

அம்புட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தாக. அத்தனை கண்ணுக்கு முன்னாடி, எல்லாம் நான் சொன்னதுல வந்ததுன்னு ஒத்துக்கிட எனக்குத் தைரியம் இல்ல. ரெண்டு மகன்களும் பால் ஊத்துனாக. வேல்பாண்டி அண்ணன் தோட்டத்து மண்ணைக் கரைச்ச தண்ணியில ஒரு வாய் ஊத்துனாக. அப்புறம் ஸ்பூனை என் கையில குடுத்துட்டாக. நான் ஸ்பூனை மட்டும் பார்த்தேன், மூஞ்சியைப் பார்க்கல. ஊத்துனேன்.

கால் மணி நேரத்துல போயிட்டாக. இருமக்கூட இல்ல. தொண்டையில ஏதோ ஏறுறதும் இறங்குறதுமா ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, பெறகு அது நின்னுருச்சு. மண்ணுத் தண்ணிக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாக, நிம்மதியாப் போயிட்டாகன்னு பேசிக்கிட்டாக.

ஒரு மாசம் கழிச்சு டாக்டர் மகிமா போன் பண்ணுனாக. "அக்கா, உங்க ஏரியாவுல அம்மாவாசின்னு ஒருத்தர் இறந்துட்டாராமே, எப்படி?"ன்னு கேட்டாக. காய்ச்சல்னேன். முழுங்க முடியாமப் போச்சான்னு கேட்டாக. ஆமான்னேன். "பாருங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடியே சரியாச் சொல்லியிருக்கு"ன்னாக. சந்தோசப்படல அவுக, வருத்தமாத்தான் சொன்னாக. ஆனா அது கணக்குல ஏறிருச்சு. டேப்லெட் சொன்னது பலிச்சது, நான் ஸ்பூனைப் பிடிச்சதால பலிச்சதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? தேனியில நடந்த மீட்டிங்ல, கம்பம் பள்ளத்தாக்குலதான் கணிப்பு ரொம்பச் சரியா வருதுன்னு என் பேரைச் சொல்லிக் கை தட்டுனாக. நான் எந்திரிச்சு நின்னு கும்பிட்டேன். அந்தக் கேவலத்தை எங்கன போய்ச் சொல்ல?

அந்த வாரம்தான் சத்தம் வர ஆரம்பிச்சுது.

சிரிக்காதீக. நான் பேய் பிசாசுக்குப் பயந்தவ இல்ல. ஒத்தையில சாப்புடுற ஆளு நான், மக கோயம்புத்தூர்ல வேலை பாக்குறா, வீட்டுக்காரர் போய் ஒன்பது வருசம் ஆச்சு. பட்டப்பகல், ஒரு மணி. ரசஞ்சோத்தைப் பிசைஞ்சு ஒரு வாய் முழுங்குனேன். நான் முழுங்குன பெறகு பக்கத்துல இன்னொரு முழுங்கல் கேட்டுச்சு. கஷ்டப்பட்டு, பாதி ஏறி, நின்னு, இறங்குற முழுங்கல். டிவியை அமத்திட்டுப் பார்த்தேன். வீட்டுல யாரும் இல்ல. இன்னொரு வாய் வச்சேன். மறுபடி கேட்டுச்சு.

அதுல இருந்து எங்கன சாப்பிட உக்காந்தாலும் வரும். தேவாரம்ங்குற ஊர்ல ஒரு பெரியவர் தொண்டையில விரலை வச்சு எண்ணி, கையை எடுத்த பெறகும் விரல் நுனியில அந்தப் பாதிக் குமிழ் ஏறும். கையைக் கழுவுவேன், போகாது. குறி சொல்ற கோடாங்கிகிட்டப் போய்க் கேக்கலாம்னு ரெண்டு தடவை கெளம்புனேன். அவன் உடுக்கையை அடிச்சு எல்லார் முன்னாடியும் நெசத்தைச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பாதி வழியில திரும்பிட்டேன். பதினாலு மாசத்துல எட்டுக் கிலோ எளைச்சுட்டேன். பாக்குறவுக எல்லாம், எந்த டாக்டரைப் பார்த்தன்னு கேக்குறாக.

மொதத் தடவை விட்டுப் போனவுகளையும் இந்தத் தடவை சேர்க்கச் சொல்லிட்டாக. அதான் ராக்கம்மா பெரியம்மா பேரு பட்டியல்ல வந்துச்சு. வேற ஆளை அனுப்பலாம்னா, அந்த ஆளும் போய் என்னை மாதிரி வாயைத் திறந்தா என்ன ஆகும்? போனேன்.

நான் போய்ச் சேர மணி பன்னெண்டரை. வேல்பாண்டி அண்ணன் சாப்பாட்டுக்கு வந்து உள்ள கை கால் கழுவிக்கிட்டு இருந்தாக. அவுக சம்சாரம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாக. பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாக.

"வா ஆத்தா. இந்தத் தெரு இருக்கறது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"ன்னாக.

"வேலை பெரியம்மா."

"இருக்கும், இருக்கும். ஊரு வாயெல்லாம் பாக்குறவளாச்சே."

கேலிதான். ஆனா குரல்ல தெம்பு இல்ல. மெலிஞ்சிருந்தாக. அதே கட்டில் செவரோரமாக் கெடந்துச்சு, மேல ஒரு பாய் சுருட்டி வச்சிருந்தாக. கட்டிலுக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன்.

நாக்குக்கு மேல வைக்குற சின்னப் பலூனை அழுத்தச் சொன்னேன். பாதிதான் அழுந்துச்சு. ப, த, க சொல்லச் சொன்னேன். க-வுல சிக்குச்சு. கடைசியா ரெண்டு விரலை அவுக தொண்டையில வச்சு, "எச்சி முழுங்குங்க பெரியம்மா"ன்னேன்.

ஒண்ணு. சித்த நேரம் கழிச்சு ரெண்டு. அப்புறம் ஒண்ணும் இல்ல. விரலுக்குக் கீழ குமிழ் அசையவே இல்ல, சத்தியமாச் சொல்றேன். ஆனா முழுங்குற சத்தம் கேட்டுச்சு. எனக்குப் பின்னாடி, கட்டில் பக்கம் இருந்து. பாதி ஏறி, நின்னு, இறங்குச்சு.

திரும்பப் போனேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சாக.

"அங்கன திரும்பாத"ன்னு மெல்லச் சொன்னாக. "சோத்து நேரத்துக்கு வருவாக."

எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஏதோ ஆறுதல் வர்ற மாதிரி இருந்துச்சு, ஒடனே அதுக்கு மேல ஒரு பயம் வந்துச்சு. இவுக எதுக்குக் கேக்கணும், இவுக என்ன பண்ணுனாகன்னு மனசு ஓடுச்சு.

டேப்லெட்டுல வட்டம் சுத்துச்சு. சிவப்பு. நூத்துக்கு எண்பத்திமூணு.

"என்ன தாயி, அம்மாவுக்கு என்ன கலரு?" வேல்பாண்டி அண்ணன் துண்டால கையைத் தொடச்சுக்கிட்டு வந்து நின்னாக.

டேப்லெட்டை மடியில கவுத்து வச்சுக்கிட்டேன். பச்சைன்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரலாம். ஆனா பச்சைன்னா இவுக கேம்புக்கு வர மாட்டாக. பயிற்சி இல்ல, பதமான சாப்பாடு இல்ல. ஒரு நாள் காப்பித் தண்ணி நெஞ்சுக்குள்ள போய்க் காய்ச்சல் வந்து படுத்தா, கடைசியில அதே கட்டில், அதே பால். சிவப்புன்னா அந்தப் பால் இன்னும் சீக்கிரம் காயும். எப்படிச் சொன்னாலும் பெரியம்மா சாகுறாக. நான் சொல்லாம வச்சிருந்த அந்த ஒண்ணைச் சொன்னாத்தான் அவுக பொழைக்க வழி.

"சிவப்புண்ணே"ன்னேன்.

அண்ணன் மொகம் அப்படியே இறங்கிப் போச்சு. அம்மா பக்கத்துல வந்து தரையில உக்காந்து அவுக காலைப் பிடிச்சுக்கிட்டாக.

"அம்மா, பயப்படாத. அப்பாவுக்குச் செஞ்ச மாதிரியே ஒனக்கும் ஒரு குறை வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரி, ஊசின்னு ஒன்னை அலைய விட மாட்டேன். வீட்டுலயே வச்சு, நம்ம ஆளுக அத்தனை பேரையும் கூப்பிட்டு, நல்லபடியா அனுப்புவேன்"ன்னாக. சொல்லும்போதே அழுகை வந்துருச்சு அவுகளுக்கு. அம்மா மேல அம்புட்டுப் பிரியம்.

பெரியம்மா கால் விரல் மடங்குறதை நான் பார்த்தேன்.

"அண்ணே, பெரியப்பா சாகப் பொழைக்கக் கெடக்கல"ன்னேன்.

"என்ன?"

"வெறும் காய்ச்சல்ணே. சிவப்புன்னா சாவுன்னு அர்த்தம் இல்ல. முழுங்குற பலம் கொறையுது, கவனமாப் பாத்துக்கிடுங்கன்னு அர்த்தம். நான் அதைச் சரியாச் சொல்லாம பஸ்ஸு ஏறிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா எந்திரிச்சு உக்காந்திருக்கலாம். மல்லாக்கப் போட்டு ஊத்துன பால் வயித்துக்குப் போகல. நெஞ்சுக்குள்ள போயிருச்சு. அதான் போயிட்டாக."

அண்ணன் அம்மா காலை விட்டுட்டு எந்திரிச்சாக.

"நீயும்தான ஊத்துன"ன்னாக.

"ஆமா. ஊத்தக் கூடாதுன்னு தெரிஞ்சே ஊத்துனேன். எல்லாரும் பார்த்தாகளேன்னு ஊத்துனேன்."

"எங்கப்பனை நானே கொன்னுட்டேன்னு என் வீட்டுல வந்து உக்காந்து சொல்றியா? பதினாலு மாசம் மூடிக்கிட்டு இருந்துட்டு? போ வெளிய. எந்திரி." அண்ணன் என் பையைத் தூக்கி வாசலுக்கு எறிஞ்சாக. பலூன், பஞ்சு, பேப்பர் எல்லாம் செதறுச்சு. எனக்குக் கோவம் வரல. என்னை ரெண்டு அறை அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னுதான் தோணுச்சு.

"அவளை ஏன்லே வையிற. உக்காரு"ன்னாக பெரியம்மா.

"நீ சும்மா இரும்மா."

"ஏலே வேலு, உக்காருன்னு சொல்றேன்ல." பெரியம்மா குரல் ஒசந்து நான் கேட்டதே இல்ல. அண்ணன் நின்ன இடத்துலயே உக்காந்துட்டாக.

"எனக்கு அன்னைக்கே தெரியும்"ன்னாக பெரியம்மா. "நீ மண்ணுத் தண்ணி ஊத்துன பெறகு அவுக வாயை மூடிக்கிட்டாக. பல்லைக் கடிச்சு மூடிக்கிட்டாக. வேண்டாம்னு என்னையத்தான் பார்த்தாக. இவ முறைக்கு நான்தான் கன்னத்தை ரெண்டு பக்கமும் அமுக்கித் தெறந்து விட்டேன். அத்தனை சனம் நிக்குது, வாங்காமப் போனா நல்லாருக்காதேன்னு தெறந்து விட்டேன். நாப்பத்தெட்டு வருசம் கூட வாழ்ந்த மனுசன்லே."

அண்ணன் ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டாக. "அம்மா, போதும்மா"ன்னாக.

"போதாது. நான் திங்கும்போதெல்லாம் மிக்ஸியை ஓட விடுறேன்னு ஒன் பொண்டாட்டி என்கிட்டச் சண்டைக்கு வர்றாள்ல, ஒனக்குத் தெரியும்ல? அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு வெறும் மிக்ஸியை ஓட்டுது கெழவி, புத்தி பெசகிப் போச்சுன்னு நீயும்தான சொன்ன. ஆறு மாசமா எனக்குப் புரை ஏறுதுலே. ஒரு வாய் வச்சா இருமல் வந்துருது. நான் இருமுறது ஒனக்குக் கேட்டா நீ பாலைக் காய்ச்சிருவ. எனக்கு வேற என்ன வழி தெரியும்?"

மதியத்து வெயிலு வாசல்ல செதறிக் கெடந்த என் சாமான் மேல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"சிவப்புன்னு எனக்கு இவ சொல்லணுமாக்கும்"னு பெரியம்மா ஏதோ சொல்ல வந்தாக. அம்புட்டு நேரம் ஓயாமப் பேசுனதுல அவுக எச்சியே அவுக தொண்டையில இடறிருச்சு. இருமல் வந்துச்சு. சின்ன இருமல் இல்ல, ஆளையே மடக்கிப் போடுற இருமல். மூச்சு வாங்கி, கண்ணு பிதுங்கி, கையைத் தரையில ஊனிக்கிட்டு இருமுனாக.

"குனிங்க பெரியம்மா, தாடையைக் கீழ இறக்குங்க"ன்னேன்.

வேல்பாண்டி அண்ணன் பதறிப் போய்த் தாவி வந்து, அம்மா மொகத்தைத் தாங்கிப் பிடிக்க ரெண்டு கையையும் நீட்டுனாக. ராக்கம்மா பெரியம்மா இருமிக்கிட்டே செவரோட செவரா ஒட்டி, வாயை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பொத்திக்கிட்டாக.